ராணி தலை ரூபாய் அசலா? வீட்டில் உட்கார்ந்தே பார்க்கும் வழி

பாட்டியின் டிரங்குப் பெட்டியிலோ பூஜை அறை டப்பாவிலோ குங்குமம் ஒட்டிக் கிடக்கும் பழைய வெள்ளி ரூபாய் பல வீடுகளில் இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து அனுப்பி "இது நிஜமா, போலியா?" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, போட்டோவை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் காசு உங்கள் கையில் இருக்கிறது, ஒரு சின்னத் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தால் பாதிக்கு மேல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நான் இங்கே எழுதுவது பிரிட்டிஷ் இந்தியா ரூபாயைப் பற்றி மட்டும், அதாவது 1835 முதல் 1945 வரை வந்த வெள்ளிக் காசுகள். நம் வீடுகளில் இருப்பதும் அவைதான், சந்தையில் போலி புரள்வதும் அவற்றில்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளியா என்பது ஒரு கேள்வி, அசல் காசா என்பது இன்னொரு கேள்வி. முன்பெல்லாம் போலி என்றால் ஈயத்திலோ செம்பிலோ வார்த்து மேலே வெள்ளி பூசியிருப்பார்கள், அதனால் வெள்ளி என்று தெரிந்தாலே கவலை தீர்ந்தது. இப்போது அப்படி இல்லை. அரிய வருஷக் காசு வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு போகிறது என்பதால் நல்ல வெள்ளியிலேயே போலி அடிக்கிறார்கள். நகைக்கடையில் கொடுத்து "வெள்ளிதான் சார்" என்று சொல்லக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் பாதி பதிலோடுதான் வருகிறார்கள்.

இன்னொன்று, காசைத் தேய்க்காதீர்கள். தயவுசெய்து. குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி விபூதியோ பல்பொடியோ புளியோ போட்டுப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவருவார்கள், அந்தக் கறுப்போடு சேர்ந்து காசின் மேல்தோலும் போயிருக்கும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் முழுக்கக் கீறல். அந்தக் கறுப்பே ஒரு சாட்சி, எழுத்தின் இடுக்குகளில் வருஷக்கணக்காகப் படிந்த கறுப்பும் ஒரே நாளில் ரசாயனத்தில் முக்கி ஏற்றிய கறுப்பும் பார்த்துப் பழகினால் வேறாகத் தெரியும். மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள். அது போதும்.

சரி, வேலையைத் தொடங்கலாம். கருவியை எடுப்பதற்கு முன் காசைப் படியுங்கள். தலையும் பூவும் வருஷமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே சில போலிகள் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்ற எழுத்து 1835, 1840 ஆகிய இரண்டு வருஷ ரூபாயில்தான் வரும். 1835-இல் நான்காம் வில்லியம் தலை, 1840-இல் கிரீடம் இல்லாத இளம் விக்டோரியா. கம்பெனி ஆட்சியே 1858-இல் முடிந்துவிட்டது, எனவே 1862 என்று போட்டுக் கம்பெனி பெயரும் இருந்தால் அது காசே இல்லை. 1862-இல் கிரீடம் வைத்த விக்டோரியா வருகிறார், "விக்டோரியா குயின்" என்று ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே ஒரு வேடிக்கையான விஷயம் உண்டு, அதே 1862 என்ற வருஷத்தையே மாற்றாமல் 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் 1862 காசு ஊரெல்லாம் கிடைக்கிறது. 1868 என்றோ 1871 என்றோ போட்ட ரூபாயை யாராவது நீட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். 1877 முதல் "குயின்" போய் "எம்ப்ரஸ்" வந்துவிடும், 1901 வரை அப்படித்தான். ஏழாம் எட்வர்ட் ரூபாய் 1903 முதல் 1910 வரை, அவர் தலையில் கிரீடம் இருக்காது. ஐந்தாம் ஜார்ஜ் 1911-இல் தொடங்குகிறார். அந்த 1911 காசில் ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை உருவம் பன்றி மாதிரித் தெரிகிறது என்று பெரிய சலசலப்பு வந்து, அடுத்த வருஷமே யானையைத் திருத்திப் பொறித்தார்கள், சேகரிப்பவர்கள் இன்றும் அதைப் பன்றி ரூபாய் என்றுதான் சொல்கிறார்கள். ஜார்ஜ் ரூபாய் புழக்கத்துக்காக 1922 வரை அடிக்கப்பட்டது, அதன் பிறகு ஆறாம் ஜார்ஜ் தலையோடு 1938-இல்தான் அடுத்த ரூபாய். ஆக 1927, 1931 என்றெல்லாம் ஜார்ஜ் ரூபாய் வந்தால் சந்தேகப்படுங்கள்.

பூப் பக்கத்திலும் ஒரு குறிப்பு இருக்கிறது. கம்பெனி காசு, எட்வர்ட், இரண்டு ஜார்ஜ்கள் ஆகியவற்றின் பின்பக்கம் பாரசீக எழுத்தில் ஒரு ரூபாய் என்று இருக்கும். 1862-இல் இருந்து 1901 வரை வந்த விக்டோரியா ரூபாயில் அது கிடையாது. போலி அடிப்பவர்கள் இரண்டு அச்சுகளைக் கலந்துவிடுவதும் உண்டு, அப்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

அடுத்தது எடை. பிரிட்டிஷ் ரூபாய் என்பதே ஒரு எடைக்கல்தான். சரியாக ஒரு தோலா, அதாவது 180 கிரெய்ன், நம் கணக்கில் 11.66 கிராம். நாட்டு மருந்துக் குறிப்புகளில் "ஒரு ரூபாய் எடை சுக்கு" என்று வருமே, அது இந்த எடைதான். அவ்வளவு துல்லியமாக அடித்ததால்தான் கடைக்காரர்கள் காசையே தராசில் போட்டு நிறுத்தார்கள். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92, ரெண்டணா 1.46. குறுக்களவு முழு ரூபாய்க்கு ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர்.

0.01 கிராம் வரை காட்டும் கையடக்கத் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சமையல் தராசு உதவாது, அது ஒரு கிராமுக்கு ஒரு கிராம்தான் தாவும். வாங்கியதும் ஏதாவது ஒரு சின்னப் பொருளை அதில் நிறுத்து எழுதிவைத்துக்கொண்டு, தெரிந்த நகைக்கடையில் அதே பொருளை நிறுக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள், தராசு பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.4, 11.5 என்று காட்டலாம், ராணியின் முகமே வழவழவென்று போயிருந்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் எழுத்தெல்லாம் கூர்மையாக, முடி இழைகூடத் தெரிகிற காசு 11.2 என்று காட்டினால் அது சரியில்லை. 11.66-ஐத் தாண்டி 11.8, 12 என்று போனாலும் சரியில்லை, தேய்மானத்தில் காசு எடை கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, காசுமாலையில் கோத்தோ வளையம் பற்றவைத்தோ கழுத்தில் போட்டிருந்த காசு. விளிம்பில் பற்றவைத்த தடம் இருக்கும், அந்தப் பற்றுதான் எடையைக் கூட்டும். அது அசலாகவே இருக்கலாம், சேகரிப்பவரிடம் மதிப்பு மட்டும் குறையும்.

நான் முதன்முதலில் ஏமாந்தது இந்த எடையில்தான். ஒரு வாரச் சந்தையில் துணி விரித்து விற்றவரிடம் 1840 காசு ஒன்று வாங்கினேன், பார்க்க அவ்வளவு அழகு, பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிய சந்தோஷம் வேறு. வீட்டுக்கு வந்து நிறுத்தபோது 10.1 கிராம். அப்போது எனக்கு அந்த எண்ணின் பொருள் புரியவில்லை, தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், தேய்மானமே இல்லாத காசைக் கையில் வைத்துக்கொண்டு! பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசல் ரூபாயின் அதே அளவுக்கு, அதே தடிமனுக்குச் செம்பில் ஒரு காசு அடித்தால் சரியாக 10.1 கிராம்தான் வரும். செம்பு வெள்ளியைவிட லேசு. எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் காசைத் தடிமனாக்க வேண்டும், அல்லது அகலமாக்க வேண்டும். எடை, அளவு இரண்டையும் ஒரே நேரத்தில் செம்பு, பித்தளை மாதிரி லேசான உலோகத்தில் சரியாகக் கொண்டுவர முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற சோதனைகள் எல்லாம் எளிதாகப் புரியும்.

அந்த இரண்டையும் ஒரே அடியில் பார்ப்பதுதான் தண்ணீர்ச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் காசுக்கு ஒரு கீறல்கூட விழாது, உள்ளே செம்பை வைத்து மேலே கனமாக வெள்ளி ஏற்றியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு லேசான பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தராசு தாங்கும் எடை எவ்வளவு என்று பார்த்து அதற்குள் இருக்கிற மாதிரி தண்ணீர் ஊற்றுங்கள், இந்தச் சின்னத் தராசுகள் பல 200 கிராமுக்கு மேல் தாங்காது. மெல்லிய தையல் நூலில் காசைச் சுருக்குப் போட்டுக் கட்டி, கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் இறக்குங்கள். காசு முழுக்க முங்க வேண்டும், ஆனால் அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, அந்தரத்தில் தொங்க வேண்டும். காசின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. கை நடுங்கினால் எண் ஆடும், அதனால் ஒரு பென்சிலை இரண்டு புத்தக அடுக்குகளுக்குக் குறுக்கே வைத்து அதில் நூலைக் கட்டிவிடுவது நல்லது.

இப்போது தராசு காட்டுவது காசின் எடையை அல்ல, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடையை. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி வந்துவிடும். 11.66 கிராம் ரூபாய்க்கு 1.13 என்று காட்டினால், 11.66-ஐ 1.13-ஆல் வகுக்க 10.3. சுத்த வெள்ளி 10.49, பழைய ரூபாயில் 12-இல் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு, ஆகவே 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். 10.2 முதல் 10.4 வரை வந்தால் மனநிறைவோடு அடுத்த சோதனைக்குப் போகலாம். 9 வாக்கில் வந்தால் செம்பு. 8.5, 8.6 என்றால் பித்தளையோ ஜெர்மன் சில்வரோ, ஜெர்மன் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது. மூன்று தடவை செய்து பாருங்கள், ஒரு தடவை வரும் எண்ணை நம்பாதீர்கள். கால் ரூபாய், ரெண்டணா போன்ற பொடிக்காசுக்கு இந்தத் தராசின் நுட்பம் போதாது, 0.01 கிராம் தவறினாலே விடை எங்கோ போய்விடும். ஒரே வகையில் நாலைந்து காசு இருந்தால் சேர்த்துக் கட்டிப் பார்க்கலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை, 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு இந்தக் கணக்கு வேறு. போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம். எடை அதே 11.66 கிராம்தான், ஆனால் தண்ணீரில் 1.22 வாக்கில் காட்டும், அடர்த்தி 9.5. இதை அறியாமல் நல்ல காசைப் போலி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அந்தக் காசுகளின் விளிம்பைப் பாருங்கள், வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும், கள்ளக்காசு அடிப்பதைத் தடுக்கவே அப்படிச் செய்தார்கள், வார்த்தெடுக்கும் போலியில் அது ஒழுங்காக வராது.

வெள்ளியே இல்லாத அசல் காசுகளும் உண்டு. 1947 ரூபாய், பின்னால் புலி இருக்குமே, அது முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1946, 1947 அரை ரூபாயும் கால் ரூபாயும் அப்படித்தான். ஐந்தாம் ஜார்ஜ் ரெண்டணா 1918-இல் இருந்து வெள்ளி கிடையாது, 1919 வாக்கில் எட்டணா, நாலணாவும் கொஞ்ச காலம் செம்பு நிக்கல் கலவையில் வந்தன. அவை எல்லாம் சர்க்கார் காசுதான், வெள்ளி என்று விற்றால்தான் மோசடி.

காந்தச் சோதனையை எல்லோரும் முதலில் செய்கிறார்கள், அது கழித்துக்கட்டத்தான் உதவும். ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் தெரியாது, ஏனென்றால் செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. ஐஸ் கட்டியை வைத்து வேகமாக உருகுகிறதா என்று பார்ப்பதும் அப்படியே, செம்பிலும் வேகமாகத்தான் உருகும்.

சத்தம் கேட்டுப் பார்ப்பது பழைய வித்தை. காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் விளிம்பில் லேசாகத் தட்டினால் வெள்ளி மெல்லிய மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், ஈயக் கலவை டொக்கென்று அடங்கும். தரையில் போட்டுப் பார்க்க வேண்டாம், விளிம்பு நசுங்கும். பற்றவைத்த காசும் உள்ளே வெடிப்பு விட்ட அசல் காசும் மொட்டையாகத்தான் ஒலிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாணயம் பார்ப்பவரை நம் மொழியில் வண்ணக்கன் என்று சொன்னார்கள், சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டியிருக்கிறது. கண்ணும் காதும் விரலும்தான் அவர்கள் கருவி. எனக்கு அது பெருமையாக இருக்கிறது, நாம் இரவில் மேஜை விளக்கடியில் செய்வது அவ்வளவு பழைய வேலை.

இப்போது இரண்டாவது கேள்வி, வெள்ளிதான், ஆனால் அசல் அச்சா? இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும், நகைத் தொழிலாளர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அசல் காசு அச்சுக்கு நடுவே ஓங்கி அடித்து வந்தது, அதனால் எழுத்தின் ஓரம் தளத்திலிருந்து செங்குத்தாக, கறாராக எழும்பி நிற்கும். வார்த்த போலியில் அந்த ஓரம் மழுங்கி, சோப்பில் செதுக்கியது மாதிரி இருக்கும், வெறுமையான இடத்தில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் பாருங்கள், இரண்டு பாதிகளைச் சேர்த்த கோடு இருந்தாலோ, அந்தக் கோட்டை அரம் போட்டு மறைத்த தடம் இருந்தாலோ, விளிம்பு வரிகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் போனாலோ வேண்டாம். தேய்மானமும் இடம் பார்த்துத்தான் வரும், கன்னம், காதுக்கு மேல் முடி, கிரீடத்தின் மேடு ஆகியவைதான் முதலில் தேயும். மேடெல்லாம் கூர்மையாக இருந்து பள்ளம் மட்டும் மங்கியிருந்தால் அது புழங்கித் தேய்ந்த காசு அல்ல.

இதற்கெல்லாம் கூடவே ஒரு அசல் காசு வேண்டும். 1862, 1907, 1912, 1918 போன்ற வருஷங்கள் மலிவாகக் கிடைக்கும், நம்பகமான இடத்தில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் வடிவம், எண்ணின் வளைவு, ஓரத்துப் புள்ளி வரிசை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும். ஒரே கடையில் இரண்டு காசு பார்க்கும்போது, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வடு இருந்தால் சந்தேகப்படுங்கள், ஏதோ ஒரு அசலை வைத்து எடுத்த அச்சில் அந்த வடுவும் சேர்ந்து வந்திருக்கலாம்.

1939 ரூபாய் என்று யாராவது சொன்னால் இரண்டு மடங்கு கவனம் தேவை. பிரிட்டிஷ் இந்தியா ரூபாயில் மிக அரியது அது, அதனாலேயே அதிகம் போலி செய்யப்படுவதும் அது. அசல் 1938 காசில் கடைசி 8-ஐச் சுரண்டி 9 ஆக்கியிருப்பார்கள். எடை சரி, வெள்ளி சரி, தண்ணீர்ச் சோதனை சரி, எல்லாம் தேறிவிடும், பொய் அந்த ஒரு எண்ணில் மட்டும் இருக்கும். 9-ஐச் சுற்றி உலோகம் சுரண்டிய வழுவழுப்போ, அந்த எண் மட்டும் மெலிந்தோ தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள். அவ்வளவு பணம் போட்டு வாங்குவதானால் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்கள் பெட்டியில் அடைத்துக் கொடுத்த காசைத்தான் வாங்குவேன், அதையும் பெட்டியின் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் கையில் இருக்கும் காசும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான். போலிப் பெட்டியும் வருகிறது.

நகைக்கடையில் காரட் மீட்டர் என்று சொல்லும் எக்ஸ்ரே கருவி இருந்தால் அதில் காட்டலாம், காசுக்குச் சேதம் இல்லை. 91, 92 சதவீதத்தை ஒட்டி வெள்ளியும் மீதி செம்பும் காட்ட வேண்டும். 99 என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், அந்தக் கருவி மேல்தோலை மட்டும்தான் படிக்கும், மேலே ஏற்றிய சுத்த வெள்ளிப் பூச்சு என்று அர்த்தமாக இருக்கலாம். உரைகல்லில் உரைக்கவோ ஆசிட் வைக்கவோ ஓரத்தில் வெட்டிப் பார்க்கவோ விடாதீர்கள், கேட்காமலே வெட்டிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, 1616, 1717 என்று இருக்கும் காசுகளை மட்டும் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். கம்பெனி அப்படி எதையும் அடிக்கவே இல்லை. பூஜையில் வைக்க ஆசையிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், லட்சக்கணக்கில் போகும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்று ரைஸ் புல்லிங் கும்பல் நம் ஊர்களில் எத்தனை குடும்பங்களின் சேமிப்பைத் துடைத்திருக்கிறது என்று செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எந்தக் காசும் அரிசியை இழுக்காது. பழைய காசை விற்றுத் தருகிறோம், கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி வரும் அழைப்புகளைப் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது, தாங்கள் அப்படி எந்தக் கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அனுமதியும் தரவில்லை என்று. விற்பவர் நீங்கள், பணம் உங்களுக்குத்தான் வர வேண்டும், நீங்கள் முதலில் கட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

அசல் என்று உறுதியானதும் விலைக்கு ஒரு அடித்தளம் போட்டுக்கொள்ளலாம். 1939 வரையிலான முழு ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம் இருக்கிறது, 1940 முதல் 1945 வரை வந்ததில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதுதான் குறைந்தபட்சம், அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள்.

காசு தோட்டத்திலோ பழைய வீட்டுச் சுவரிலோ புதையலாகக் கிடைத்திருந்தால் விற்கிற யோசனைக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 100 வருஷம் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. விக்டோரியா, எட்வர்ட் காசுகள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன, ஜார்ஜ் ரூபாயில் 1922 வரையிலானவையும்தான். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைக்குப் பாட்டி ஞாபகமாக ஒரு ராணி காசைப் பெட்டியில் வைத்து அனுப்ப நினைத்தால், அதை இங்கேயே வைத்திருந்து அவர் ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துக் காட்டுங்கள்.